தம்பிக்கு முதல் பெயர்

தம்பி பிறந்து இன்று எட்டாவது நாள். இபாடான் நகர வழக்கப்படி இன்று பெயர் வைத்தே ஆக வேண்டும். சடங்குக்குத் தட்டில் தண்ணீரும் உப்பும் தேனும் தயார். ஆனால் கூடத்தில் ரகளை.

எல்லாம் அப்பா செய்த வேலை. "முதல்ல பிரார்த்தனை பண்ணிப் பேர் வைக்கறது நீங்கதான்" என்று தன் அண்ணன் ராஜி பெரியப்பாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவின் அண்ணன் கோலாடே மாமாவிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார். இப்போது திருதிருவென்று விழித்தார்.

"உண்மையான வழி ஒண்ணுதான்!" என்றார் மாமா, கையில் பைபிளோடு.

"அதைத்தான்யா நானும் சொல்றேன். அது எங்க வழி!" என்றார் பெரியப்பா, தொழுகைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

"அப்போ நான் கிளம்பறேன். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

மாமா செருப்பை மாட்டினார். அம்மா அழுதாள். தம்பியும் வீறிட்டான்.

தம்பியின் அக்கா அபேகேவுக்குப் பத்து வயது. அவர்கள் வீட்டிலிருந்து ரம்ஜான் கறி மாமா வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் சோறு பெரியப்பா வீட்டுக்குப் போகும். இனி எதுவும் போகாதா? அவள் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள்.

"வழி விடும்மா."

"மாட்டேன் மாமா. எது உண்மைன்னு எனக்குத் தெரியல. தம்பி வளர்ந்ததும் கேப்பான். நீங்க போயிட்டா உங்க பக்கத்தை அவனுக்கு யார் சொல்லுவா?"

அவள் திரும்பினாள்.

"பெரியப்பா, மாமா பேச்சையே கேக்காம உங்க வழிதான் சரின்னு சொன்னா, அவன் நம்புவானா?"

பெரியப்பா தாடியைத் தடவினார்.

"எப்போ கேப்பான்?"

"என்னை மாதிரி இருந்தா, பேச்சு வந்த அன்னிக்கே."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யோவ் கோலாடே, செருப்பைக் கழட்டு."

"சரி, யார் முதல்ல?" என்று மாமா முறைத்தார்.

மறுபடியும் எல்லார் முகமும் இறுகியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொந்தக்காரங்க யார் வேணா பேர் வைக்கலாம். அக்காவே முதல்ல வைக்கட்டும்."

அபேகே தம்பியின் நெற்றியில் தண்ணீர் தொட்டு வைத்தாள். "அயோமிதே, என் ஆனந்தம் வந்துடுச்சு" என்றாள். தம்பி அழுகையை நிறுத்தி அவளையே பார்த்தான்.

பிறகு பெரியப்பா ஒரு பெயர் வைத்தார். மாமா இரண்டு வைத்தார்.

சாப்பிட உட்கார்ந்ததும் இருவரும் எது உண்மை என்று மீண்டும் ஆரம்பித்தார்கள். சோறு தீர்ந்தது, கறி தீர்ந்தது, வாக்குவாதம் மட்டும் தீரவில்லை. ஆனால் யாரும் செருப்பைத் தேடவில்லை.