வெறும் வள்ளத்தில் ஒரு பாட்டு

காலை ஏழு மணிக்குப் பிரிட்டோவின் வள்ளம் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. நங்கூரக் கயிறு அறுந்திருந்தது!

வலம்புரிச் சங்கு கிடக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி, விடியுமுன்னே தனியாக மணல்திட்டுக்குப் போயிருந்தான் அந்தப் புத்திசாலி. மதியம் கடல் பெருகி வெள்ளம் ஏறினால் திட்டு ஆளுயரத்துக்கு முங்கிவிடும். ஊர் விசைப்படகுகள் எல்லாம் மீன்பிடிக்கப் போயாயிற்று. அவன் மனைவி கிளாரா, தங்கை ஜெனோவா, பக்கத்து வீட்டு மிக்கேல் மூவரும் அதே வள்ளத்தைக் கடலில் தள்ளி ஏறினார்கள்.

அவர்கள் ஊரான சிப்பித்துறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளில்லாமல் வந்த வள்ளத்தில், ஆள் கிடைக்கும்வரை துடுப்புப் பாட்டு பாடக் கூடாது. மூவரும் வாய் திறக்காமல் துடுப்பு வலித்தார்கள்.

பதினொரு மணிக்குத் திட்டு தெரிந்தது.

“அந்தா அண்ணே!” என்று கத்தினாள் ஜெனோவா.

இடுப்பளவுத் தண்ணீரில் சிவப்புச் சட்டையை ஆட்டிக்கொண்டு நின்றான் பிரிட்டோ. அந்த நீரோட்டத்தில் எந்தக் கொம்பனாலும் நீந்த முடியாது.

அவனைப் பார்த்த பிறகுதான் வினையே வந்தது. ஆறு கண்ணும் சட்டையிலேயே நிலைக்க, ஆளுக்கொரு அவசரம். துடுப்போடு துடுப்பு மோதியது. வள்ளம் கிறுகிறுவெனச் சுற்றியது.

“என்னத்தடா வலிக்கிற மிக்கேலு?” என்று சீறினாள் கிளாரா.

“நீங்கதான்க்கா குறுக்க விடுறீக!”

அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து வலித்தும் தூரம் குறையவில்லை. தண்ணீர் பிரிட்டோவின் மார்புக்கு வந்துவிட்டது. ஜெனோவாவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. ‘கண் முன்னாலேயே சாகப் போகிறானே!’ என்று இன்னும் வேகமாக வலித்தாள்.

“யாரும் அவரைப் பாக்காதீங்க! துடுப்பப் பாருங்க!” என்ற கிளாரா, சட்டென்று பாடத் தொடங்கினாள்.

“சங்கு தேடிப் போன மாப்ள, ஏலேலோ!
சட்டிச் சோறு ஆறிப் போச்சு, ஏலேலோ!”

“மதினி! காணாதவன் வள்ளத்துல பாட்டா?”

“காணாதவனா? அந்தா நிக்கிறாரே! பாடுடி!”

முதல் ‘ஏலேலோ’வுக்கு மிக்கேலின் குரல் உடைந்தது. இரண்டாவதில் மூன்று துடுப்பும் ஒன்றாக விழுந்தன. வள்ளம் துள்ளியது! கிளாரா புருஷனின் குறட்டையைப் பாட்டில் இழுக்க, மிக்கேல் சிரித்தே விட்டான். ஜெனோவாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனால் கை வலி மறந்துபோனது. நீரைத் தள்ளுவதே சுகமாக இருந்தது. வள்ளம் எவ்வளவு தூரம் வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

திடீரென்று ஒரு கை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி, “கொறட்ட விடுறது நானாடி?” என்று கேட்டான் பிரிட்டோ.

அள்ளி உள்ளே போட்டார்கள். மடியில் கட்டியிருந்த சங்கை அவன் பெருமையாக எடுத்து நீட்டினான். வெறும் இடம்புரி!

இலக்கையே வெறித்துக்கொண்டிருந்தால் கை தடுமாறும் என்று ஜெனோவாவுக்கு அன்று புரிந்தது. அதுவரை சொட்டுக் கண்ணீர் விடாத கிளாரா, கரை தெரிந்ததும் தேம்பித் தேம்பி அழுதாள். துடுப்பு மட்டும் ஒரு தாளம்கூடத் தப்பவில்லை.