தளபதி பொறுத்திருந்த இரண்டு மணி நேரம்

வேலைக்குக் கிளம்பும் முன் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்வதுபோல, செண்பகவல்லி காதுக்குப் பின்னால் இருந்த துளையில் ஒரு பிரெஞ்சுத் தளபதியைச் செருகிக்கொண்டாள். வியாழனின் நிலவான கானிமீடில் கதவுக் காவலர் எல்லாருக்கும் அதுதான் சீருடை. இன்னொருவர் வாழ்ந்த வாழ்க்கையை மூளைக்குள் ஓடவிடும் அந்த வாழ்வுச்சில்லைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு பருவம் போட்டே ஆக வேண்டும்.

தளபதி லெஃபோர் லேசுப்பட்டவர் அல்ல. கொல்லன் மகன். பதினாறு வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்து, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் கட்டியே பதவி உயர்ந்தவர். ரஷ்யப் பனியில் நெப்போலியனின் படை தோற்றுத் திரும்பியபோது, துரத்தும் எதிரி கடக்காதபடி பாலத்தைக் காலை ஏழு மணிக்கு எரித்துவிட அவருக்குக் கட்டளை. பாலம் காலியாகக் கிடந்தும், அக்கரையில் அவர் படையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். மனுஷன் மனம் கேளாமல் ஒன்பது மணிவரை பொறுத்தார். அந்த இரக்கத்துக்குத்தான் இத்தனை மரியாதை.

இன்று அதே வேலை செண்பகவல்லியின் தலையில் விழுந்தது. பழைய குமிழூரின் கண்ணாடிக் கூரையில் விரிசல். பன்னிரண்டு மணிக்கு மேல் தாங்காது. அதற்குள் நானூறு பேரும் சுரங்கம் வழியாகப் புதிய குமிழூருக்கு வந்துவிட வேண்டும். சுரங்கக் கதவை அடைக்காவிட்டால் இந்தப் பக்கத்துக் காற்றும் போய்விடும். மணி பதினொன்று ஆகியும் வந்தவர்கள் முப்பத்தொரு பேர்தான். அக்கா சொர்ணத்தை அழைத்தாள்.

"கிளம்பிட்டியாக்கா?"

"இட்லிக்கு மாவு ஆட்டிக்கிட்டிருக்கேன்டி. ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன்."

"பன்னிரண்டுக்கு மூடிடுவேன்."

"மூடமாட்டே. உன் காதுல இருக்கிற ஆளை நானும் பள்ளிக்கூடத்துல போட்டுக்கிட்டவதானே. ரெண்டு மணி நேரம் சேத்துக் குடுப்பாரு."

ஊரே அந்த நம்பிக்கையில்தான் சாவகாசமாக இருந்தது. வழக்கமாக நிர்வாகம் உண்மையான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத்தான் கெடு சொல்லும். இந்த ஒரு தடவை, பயத்தில், உண்மையான நேரத்தைச் சொல்லித் தொலைத்திருந்தது. போதாததற்குத் தலைக்குள் தளபதியும் இன்னும் கொஞ்சம் பொறு, பொறு என்று அவள் கையைக் கட்டிப்போட்டார்.

பதினொன்று நாற்பதுக்குச் சில்லைப் பிடுங்கி எறிந்தாள். தளபதி போய்விட்டார், பயம் மட்டும் போகவில்லை. அழுதுகொண்டே விசையை அழுத்தினாள். அது அந்தக் காலத்து இரும்புக் கதவு, முழுக்க மூட இருபது நிமிடம் பிடிக்கும். கதவு நகர்வது வீட்டுத் திரைகளில் தெரிந்ததும் ஊரே விழுந்தடித்து ஓடிவந்தது. கடைசி ஒரு முழ இடைவெளியில் சொர்ணம் மாவுப் பாத்திரத்தோடு வந்து விழுந்தாள். கதவு பொருந்தியது. பழைய குமிழூர் உடைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. காலடியில் தரை ஒருமுறை நடுங்கி அடங்கியது.

சாயங்காலம் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த பருவம் முதல் பிள்ளைகளுக்குத் தளபதிக்குப் பதில் செண்பகவல்லியின் வாழ்வுச்சில்லாம்.

சொர்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கையின் கன்னத்தைத் தடவினாள்.

"கதவு மூட இருபது நிமிஷம் ஆகும்னு இப்பல்ல தெரியுது. இனிமே அது அசைய ஆரம்பிச்சப்புறம் கிளம்பினாப் போதும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். செண்பகவல்லி புதிய குமிழூரின் அவசரக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது புது மாதிரிக் கதவு. மூடுவதற்கு மூன்று நொடி.