முற்றத்தில் படுத்திருந்த சுவர்

அந்த வீட்டுக்கு மூன்று சுவர்கள்தான் நின்றுகொண்டிருந்தன. நான்காவது சுவர் முற்றத்தில் படுத்திருந்தது.

விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கொத்தனார் அத்தைதான் அதைக் கல் கல்லாகப் பிரித்துப் படுக்க வைத்திருந்தார். அந்தப் பழைய கல்வீட்டின் பின்சுவர் வருடக்கணக்காக மழையில் ஊறி, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் கூரையோடு கீழே வரும். அதே கற்களைத் திரும்ப அடுக்கி, சுண்ணாம்பும் மணலும் குழைத்து வைத்துக் கட்டுவதாக ஏற்பாடு.

"சிமென்ட் வச்சுச் சட்டுனு கட்டிடலாமே அக்கா" என்று அப்பா கேட்டுப் பார்த்தார்.

"கல்லுக்குள்ள போற ஈரம் வெளியே வரணும். சிமென்ட் வச்சு அதோட வாயைக் கட்டினா மறுபடியும் ஊறி வீங்கும். அவ்வளவு அவசரம்னா ஒரு கூடாரம் வாங்கிக்கோ" என்றார் அத்தை.

அத்தையின் வாய்க்குப் பயந்து கற்களே நேராக உட்காரும் என்று அப்பா முன்பெல்லாம் கேலி செய்வார். இப்போது அவர் யாரையும் கேலி செய்வதில்லை. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அம்மாவும் பிறந்து சில வாரங்களே ஆன பாப்பாவும் பெரியம்மா வீட்டில் இருந்தார்கள். சுவருக்குப் பதில் தார்ப்பாய் தொங்குகிற வீட்டில் கைக்குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது? சுவர் எழுந்தால்தான் அம்மா வருவார். அதுவரை அப்பா, குண்டூசி, அவள் தம்பி புயல் மூன்று பேரும் முன்னறையில் ஒண்டிக்கொண்டார்கள். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். வானம் எந்நேரமும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

ஒல்லியாக இருப்பாள், எதையும் துருவித் துருவிக் கேட்பாள். அதனால் அவள் குண்டூசி. தம்பியின் பெயருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போனால்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு கல்லின் மேலும் அத்தை சாக்கட்டியால் எண் எழுதி, நனையாமல் கோணியால் மூடி வைத்திருந்தார்.

அன்று சுண்ணாம்பு வந்தது. சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் அப்பாவும் அத்தையும் தெருமுனையில் மூட்டைகளை இறக்கப் போயிருந்தார்கள். குண்டூசி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது, கற்கள் எல்லாம் ஈரத்தில் பளபளவென்று கிடந்தன. நடுவில் புயல் நின்றான். கையில் பாத்திரம் தேய்க்கும் நார். முழங்கை வரை சேறு.

"எல்லாத்தையும் கழுவிட்டேன்" என்றான் பெருமையாக.

ஓர் எண்கூட மிச்சமில்லை.

அத்தை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அத்தை பேச்சில்லாமல் நின்றதை அன்றுதான் குண்டூசி முதன்முதலாகப் பார்த்தாள். அப்பா முதுகிலிருந்த மூட்டையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. இனி மழைக்கு முன்னாடி கட்ட முடியாது."

பிரிப்பதற்கு முன்பு அவர் சுவரைப் படம் எடுத்திருந்தார். அதில் சுவரைவிட அதன்மேல் படர்ந்த கொடிதான் அதிகம் தெரிந்தது.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றார். கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. புயல் நாரைப் போட்டுவிட்டு ஓடினான்.

குண்டூசிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவளுக்கும்தானே அம்மா வேண்டும்? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் அவனைத் தேடிப் போனாள்.

அவன் மணல் குவியலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான்.

"கல்லெல்லாம் ஒரே அழுக்குக்கா. சுத்தமா இருந்தா பாப்பாவைத் தூக்கிட்டு அம்மா சீக்கிரம் வருவாங்கன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "இனிமே வரவே மாட்டாங்களா?"

குண்டூசி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரல்நுனிகள் தேய்ந்து சிவந்திருந்தன.

"விரலுக்கு என்னடா ஆச்சு?"

"அந்த மூக்கு நீட்டின கல்லுல கரி. எவ்வளவு தேய்ச்சேன் தெரியுமா? இன்னொரு கல்லுல வேர் ஒட்டியிருந்துச்சு, நகத்தால சுரண்டினேன். ஒண்ணுல குளவி கட்டின மண்ணு."

குண்டூசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்தக் கல்லுல என்ன அழுக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நான்தானே தேய்ச்சேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"அத்தை, அடுப்பு இந்தச் சுவரை ஒட்டித்தானே இருந்துச்சு?"

"ஆமா. ஏன், சமைக்கப் போறியா?" அத்தைக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"கரி பிடிச்ச கல்லெல்லாம் அடுப்புக்குப் பின்னாடி இருந்ததா இருக்கும். குளவி கூரைக்குக் கீழேதானே கூடு கட்டும்? வேர் ஒட்டினது கொடி ஏறின மூலை. அது அப்பா எடுத்த படத்துல தெரியுது. எது எந்தக் கல்லுன்னு இவனுக்குத்தான் தெரியும்."

அத்தை புயலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"எழுந்திருடா தம்பி. மூட்டை மேல உட்கார்ந்து குஞ்சு பொரிக்கப் போறியா?"

தூறலில் நனைந்துகொண்டே புயல் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் காட்டினான். கரி ஒரு குவியல், வேர் ஒரு குவியல். சேறு தெறித்தவை அடிவரிசைக்கு. சில கற்களிடம் வந்தபோது மட்டும் திருதிருவென்று விழித்தான்.

"இது சாதா அழுக்கு" என்றான்.

அவற்றை அத்தை தனியாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு குவியலிலும், பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்த விளிம்புகளைப் பார்த்துப் பார்த்து, உடைந்த தட்டைச் சேர்ப்பதுபோல் கல்லோடு கல்லைப் பொருத்தினார். இந்த முறை அப்பா எண்களை ஆணியால் கல்லின் அடியில் கீறினார்.

சுவர் இடுப்பு உயரம் வந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. கலவை கரைந்துவிடாமல் அப்பா தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை விட்டால் வேலை, வந்தால் காத்திருப்பு. ஈரமும் குளிருமாக நாட்கள் போயின. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அதை யாரும் விரட்ட முடியாது. அத்தை கடைசியாகச் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அப்பா பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினார்.

அம்மா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பின்சுவரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு இவ்வளவு அழகா கட்டினது?"

"அத்தை கட்டினாங்க. அப்பா கல்லு தூக்கினாங்க. எது எங்கேன்னு அக்கா கண்டுபிடிச்சா" என்றான் புயல்.

யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்களோ என்று எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். அத்தைகூட வாயைத் திறக்கவில்லை.

"நான் எல்லாக் கல்லையும் குளிப்பாட்டினேன்மா" என்றான்.