மணிக்கூண்டுக்கு இடப்பக்கம்

மணிக்கூண்டு வந்ததும் ஆம்புலன்ஸ் வலப்பக்கம் திரும்பப் போனது. உள்ளே உட்கார்ந்திருந்த செண்பகவடிவு நடுச்சாளரத்தைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க! ஆஸ்பத்திரிக்கு எடப்பக்கம்லா போகணும்?"

ஓட்டுநர் சவரிமுத்து நடுச்சாளரம் வழியாகத் திரும்பிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், நிதானமான ஆள். "இல்லம்மா, சோத்தாங்கைப் பக்கம்தான். நீங்க பதறாம இருங்க."

பதறாமல் எப்படி இருப்பது? படுக்கையில் கிடந்தவன் அவள் புருஷன் நயினார். காலையில் தோசையைப் பிய்த்து வாயில் வைத்தவன் அப்படியே சரிந்தான். வாய் கோணி, வலக்கையும் வலக்காலும் துவண்டு, பேச்சு நின்றுவிட்டது. தலைமாட்டில் இருந்த உயிர்காவலி மூளைக்குழாயில் அடைப்பு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. அதற்கான மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. மூளையில் இன்னும் எவ்வளவு மீட்கலாம் என்பதைப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டே வந்தது அந்த இயந்திரம். நூற்றுக்கு எண்பத்தொன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தெட்டு.

யாரையாவது கூப்பிட்டு வழி கேட்கலாம் என்றால், வழி கேட்கிற வழக்கமே ஒழிந்து பத்து வருடமாகிறது. ஊர்வித்து வந்த பிறகு எவருக்கும் அது தேவைப்படவில்லை. காசு அகலத்தில் ஒரு வில்லை. பிடரியில் பத்து நிமிடம் ஒட்டிவைத்தால் போதும், போகாத ஊரும் பிறந்து வளர்ந்த ஊர் மாதிரி மூளையில் முளைத்துவிடும். செல்போனில் இருந்த வரைபடங்கள் ஆளில்லாமல் மூடப்பட்டன. தெருப்பலகைகள் துருப்பிடித்து விழுந்தன, யாரும் எடுத்து நட்டுவைக்கவில்லை. ஊரையே தலைக்குள் வைத்திருப்பவனுக்குப் பலகை எதற்கு?

அப்புறம் விளையாட்டுக்காரர்கள் விடுவார்களா? இல்லாத ஊர்களையும் விதைக்க ஆரம்பித்தார்கள். வடிவுக்கு அதுதான் வேலை. வேடம் கட்டி ஆடுகிற மெய்க்களம் என்ற விளையாட்டுக்கு ஊர் படைப்பவள் அவள். அவள் படைத்த மந்தாரப்பதியில் இருபது லட்சம் பேர் வாளும் கேடயமுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். ஒருபோதும் அடிக்காத ஊமை மணிக்கூண்டு, இடறினால் முனகும் எலும்புப் பாலம், முகமூடி போட்டவர்களுக்கு மட்டும் சரக்கு விற்கும் நிழல்பேட்டை, நாகத்துறை, காயம்பட்ட வீரர்கள் ஆறிக் கிடக்கும் மருத்துவச்சி மாடம். பதினான்கு பேட்டைகள். அவற்றை ஆடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார்கள்.

அந்த ஊரின் ரகசியம் வடிவுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனி கொடுத்தது முப்பது நாள் கெடு. கற்பனையில் போட்ட தெருக்கள் எப்படிப் போட்டாலும் புதுக் காலனி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் சலித்துப்போய், தன் சொந்த ஊரான புன்னைக்கரையின் வரைபடத்தை எடுத்தாள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றினாள், மேலே கோபுரமும் நாகமும் ஏற்றிவிட்டாள். நிஜ ஊரைப் போன்ற இன்னொரு ஊரை விதைத்தால் இரண்டும் மூளையில் பின்னிக்கொள்ளும் என்பதால், கம்பெனியின் சோதனைப்பொறி அப்படிப்பட்டதை ஏற்காது. ஆனால் திருப்பிப் போட்ட ஊரை அது கண்டுகொள்ளவில்லை.

இப்போது முன்கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்த பித்தளைப் பதக்கத்தை வடிவு பார்த்தாள். ஊமை மணிக்கூண்டு பொறித்தது. மந்தாரப்பதி ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கிற பதக்கம்.

இந்த மனுஷன் தலைக்குள்ளும் அது முளைத்திருக்கிறது. நிஜ ஊரில் இடம் என்றால் அங்கே வலம். அதனால்தான் வலப்பக்கம் திருப்புகிறார்.

"அண்ணாச்சி, நீங்க மந்தாரப்பதி ஆடுவீங்களா?"

"அது எம் மக தொங்கவிட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்களுக்கு அதெல்லாம் விதைக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா. ஒருக்கா அவ தொல்லை தாங்காம அஞ்சு நிமிசம் உக்காந்து பாத்தேன், அவ்வளவுதான்."

"அந்த அஞ்சு நிமிசத்துல ஏறிருக்கும். அந்த ஊரு நான் செஞ்சது அண்ணாச்சி! நம்ம ஊரத்தான் திருப்பிப் போட்டு வச்சிருக்கேன். ஏறினவங்களுக்கு ஏறினதே தெரியாது. உங்க மனசு எந்தப் பக்கம் சொல்லுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் போங்க. உங்க கால்ல விழுதேன்."

சவரிமுத்துவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ஆனால் தனக்கே தெரியாமல் தன் தலை கெட்டிருக்கலாம் என்று ஒருத்தி சொன்னால், எந்த அனுபவத்தைக் கொண்டு மறுப்பது? செய்தவளே சொல்கிறாள். வண்டியை இடப்பக்கம் திருப்பினார்.

அப்போது நயினார் அசைந்தான். நன்றாக இருந்த இடக்கை விருட்டென்று எழுந்து வண்டியின் வலப்பக்கச் சாளரத்தில் பட் பட்டென்று அடித்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. நயினார் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன். "நடந்து தெரிஞ்ச ஊருக்கு வித்து எதுக்கு?" என்று இன்றுவரை பிடரியைக் காட்டாத பிடிவாதக்காரன்.

"இழுப்பு வந்துட்டு!" என்று அலறிய வடிவு, அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கை முறுக்கியது. அவள் முழுப்பலத்தையும் போட்டு அமுக்கினாள். எண்பத்து மூன்று.

"அம்மா, ரயில்வே கேட்டு வருது," என்றார் சவரிமுத்து. "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஏதும்மா கேட்டு?"

வடிவு எட்டிப் பார்த்தாள். தண்டவாளம் இருக்கத்தான் செய்தது. "புதுசாப் போட்டிருப்பாங்க. போங்க, தொறந்துதான கெடக்கு!" என்றாள். சொல்லும்போதே தண்டவாளத்தின் துரு கண்ணில் பட்டது. பட்டும் அவள் மனம் அசையவில்லை. இந்த வழி அவளுக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். இன்னும் இருநூறடியில் வாய்க்கால் பாலம், பாலம் தாண்டினால் ஆஸ்பத்திரியின் உயரமான தண்ணீர்த் தொட்டி.

பாலம் வரவில்லை. ஆனால் தூரத்தில் உயரமாக ஒன்று தெரிந்தது. "அதோ!" என்றாள். வண்டி பறந்தது. நெருங்க நெருங்க, அது புகைந்தது. சவரிமுத்து பிரேக்கை மிதித்தார்.

அரிசி ஆலைப் புகைபோக்கி. அதன் காலடியில் மலை மாதிரி உமி. ஒரு வெள்ளாடு உமியில் ஏறி நின்று ஆம்புலன்ஸைப் பார்த்தது.

சவரிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வடிவு கண்ணை மூடினாள். நேற்று மத்தியானம் மந்தாரப்பதியைச் சோதிக்க உள்ளே போனாள். ஊமை மணிக்கூண்டு. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாள்? இடப்பக்கம். எலும்புப் பாலம், மருத்துவச்சி மாடம். அங்கேயும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம் என்றால், தான் திருப்பிப் போட்டது எங்கே போனது? போன மாதம் ரேஷன் கடைக்குக் கிளம்பி இதே ஆலை வாசலில் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. ஞாபக மறதி என்று சிரித்துக்கொண்டே திரும்பியிருந்தாள். விதைக்காத ஆள் அவள் புருஷன். ஐந்து நிமிடம் பார்த்தவர் ஓட்டுநர். எட்டு மாதமாக அன்றாடம் அந்த ஊரில் நடந்தவள் அவள் ஒருத்திதான்.

"எனக்குத்தான் அண்ணாச்சி," என்றாள். "எனக்குத்தான் ஏறியிருக்கு. திருப்புங்க."

திரும்பி வந்தபோது கேட் சாத்தியிருந்தது. சவரிமுத்து ஹாரனை விடாமல் அமுக்கிப் பார்த்தார். இறங்கி ஓடிப்போய் கேட்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். சரக்கு ரயில் ஒன்று ஐம்பத்தெட்டுப் பெட்டிகளோடு ஆடி அசைந்து போனது. வடிவு ஒவ்வொரு பெட்டியையும் எண்ணினாள். உயிர்காவலியைப் பார்க்கத் தைரியமில்லாததால் எண்ணினாள். நயினாரின் கை இப்போது முரண்டு பிடிக்கவில்லை. அவள் மடியில் சும்மா கிடந்தது.

மருந்து ஏறும்போது நாற்பத்தொன்று.

"உயிருக்குப் பயமில்லை," என்றார் டாக்டர். "பேச்சு திரும்புறது கஷ்டம்தான். அரைமணி நேரம் முந்தி வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், வடிவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். வரைபடம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. புன்னைக்கரையில் மட்டும் நாலாயிரம் பேர் ஆடுகிறார்கள், உடனே நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மந்தாரப்பதியைப் போல ஒரு நிஜ ஊர் உலகத்திலேயே கிடையாது என்று சோதனைப்பொறி மறுபடியும் உறுதி செய்துவிட்டதாம். கூடவே ஆடுகிறவர்களின் பாராட்டுகளையும் அனுப்பியிருந்தார்கள். அதிகம் பேர் எழுதியிருந்த வரி: சொந்த ஊர் மாதிரியே இருக்கு.

நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினாள். "இந்த மருந்த வாங்கிட்டு வந்திருங்கக்கா. கீழ நீங்க நேத்துப் போன அதே மெடிக்கல்தான்."

வடிவு வார்டு வாசலில் போய் நின்றாள். நடை இருபக்கமும் ஒரே மாதிரி நீண்டு கிடந்தது. நேற்று எந்தப் பக்கம் போனோம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. இடப்பக்கம். சந்தேகமில்லாமல் இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். நயினார் விழித்திருந்தான். இடக்கையை மெல்லத் தூக்கினான். அந்த மணிக்கட்டில் அவள் அமுக்கிப் பிடித்த விரல்தடம் இன்னும் நீலமாக இருந்தது. கை கொஞ்சம் ஆடி, ஒரு பக்கமாக நீண்டது.

அவள் மனம் அதுவல்ல என்று அடித்துச் சொன்னது. சீட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு, அவன் காட்டிய பக்கமே நடந்தாள்.