காஸ்பரோவின் கெட்டுப்போன புத்தகம்

நாவிதன் ஸானே ஒரு கன்னத்தைத்தான் மழித்திருந்தான். அதற்குள் ஓர்சோலா மூச்சிரைக்கக் கடைக்குள் வந்து நின்றாள். நாற்காலியில் இருந்தவர் அல்வீஸே. வெனிஸ் நீதிமன்றத்தில் முப்பது வருஷம் வாக்குமூலம் எழுதி ஓய்ந்தவர். ஊரில் எந்தச் சிக்கலென்றாலும் இன்றும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"ஐயா, எங்கப்பா புத்தகத்த யாரோ நாசம் பண்ணிட்டாங்க."

அவள் அப்பா காஸ்பரோ, லூட் என்னும் தந்தி வாத்தியத்துக்கு இசை எழுதிப் பேர் வாங்கியவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. நாற்பது வருஷ உழைப்பை ஓர் எழுத்தருக்கு வாயால் சொல்லிப் புத்தகமாக்கி, மாணவன் லியோனெல்லோ கையில் அச்சகத்துக்கு அனுப்பினார். அவர்களோ வாசித்துப் பார்த்துவிட்டு, பூனைச் சண்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"லியோனெல்லோதான் வழியில தாள்கள மாத்தியிருக்கணும். என்னைக் கட்டிக்கக் கேட்டான், மாட்டேன்னுட்டேன். அப்பா அத நம்பல. 'எனக்கு மூளை கலங்கிடுச்சும்மா, நான் சொன்னதே தப்பு'ன்னு லூட்டைத் துணியில சுத்தி வச்சுட்டார். மூணு நாளா சோறு தண்ணி இல்ல."

காத்திருப்பவர்கள் மீட்டுவதற்கென்று கடைச் சுவரில் ஒரு லூட் தொங்கியது. ஸானே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓர்சோலா கொண்டுவந்திருந்த தாளைப் பார்த்தான். ஆறு தந்திக்கு ஆறு கோடு. கோட்டின் மேல் எழுதிய எண், வீணையில் இருப்பது போல விரல் வைக்க வேண்டிய மெட்டு. எல்லோரையும் போல, எல்லாவற்றுக்கும் கீழே உள்ள அடிக்கோட்டை மெல்லிய தந்தியாகக் கொண்டு வாசித்தான். இரண்டு வரிக்குள் அல்வீஸே காதைப் பொத்திக்கொண்டார்.

"அவன் வேலையேதான் அண்ணே. காதல்ல தோத்தவன் என்ன வேணா செய்வான்."

"எடுத்தேன் கவுத்தேன்னு பேசாத. மறு கன்னத்த முடி, போய்ப் பாப்போம்."

வீட்டில் காஸ்பரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லியோனெல்லோ கதவோரம் தலை குனிந்து நின்றான். எழுத்தர் ஷிப்பியோனே, போன மாதம்தான் நேப்பிள்ஸிலிருந்து கப்பலில் வந்தவர், கொதித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் என் கையெழுத்துதான், ஒரு தாளும் மாறல. பெரியவர் 'மெல்லிய தந்தி, மூணாவது மெட்டு'ன்னார். இதோ பாருங்க, மூணு." அவர் விரல் மேல்கோட்டில் இருந்தது. "ஒரு புள்ளி விட்டிருப்பேனா நான்?"

"அப்போ பெரியவர்தான்..." என்று தொடங்கிய ஸானே நாக்கைக் கடித்துக்கொண்டான். கிழவரின் தோள் குலுங்கியது. பாவமாக இருந்தது.

அல்வீஸே மட்டும் புன்னகைத்தார். "ஸானே, மெல்லிய தந்தின்னதும் இவர் விரல் எங்க போச்சு?"

"மேல்கோட்டுக்கு."

"கடையில நீ அத எங்க வச்சு வாசிச்ச?"

"அடிக்கோட்டுல. அடிக்கோடுதானே மெல்லிசு?"

"வெனிஸ்ல. மடியில இருக்கிற வாத்தியத்துல மெல்லிய தந்தி கீழ இருக்கு, நாமளும் அதக் கீழ எழுதுறோம். ஷிப்பியோனே, உங்க ஊர்ல?"

"ஒசந்த சுரம் தர்ற தந்தி மேலதானே இருக்கணும்?" என்ற எழுத்தரின் முகம் வெளுத்தது. "ஐயோ, இங்க அப்படி இல்லியா?"

"பெரியவர் சரியாச் சொன்னார், நீங்க சரியா எழுதினீங்க, இந்தப் பையன் பத்திரமாக் கொண்டு போனான். சொன்னவருக்குக் கண்ணு தெரியல, அதனால கோடு மாறினது யாருக்கும் தெரியல. ஸானே, மேல்கோட்ட மெல்லிசா வச்சு வாசி."

ஸானே காஸ்பரோவின் லூட்டைத் துணியிலிருந்து பிரித்தான். இம்முறை பூனைகள் இல்லை. வந்தது காஸ்பரோவின் இசைதான். ஓர்சோலாவுக்குப் போன உயிர் திரும்பியது.

"மன்னிச்சுக்கோ லியோனெல்லோ," என்றாள்.

"பரவால்ல. மறுபடி கட்டிக்கக் கேக்க மாட்டேன், பயப்படாத," என்றான் அவன்.

நாலாவது வரியில் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நிறுத்து. அங்க ரெண்டு இல்ல, மூணு."

ஓர்சோலா பயந்துபோய் ஸானேவைப் பார்த்தாள். அவன் தாளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து அசடு வழிந்தான்.

"தாள்ல மூணுதான் இருக்கு பெரியவரே. என் விரல்தான் ரெண்டுல போயிடுச்சு."

காஸ்பரோ எழுந்து உட்கார்ந்தார். இரு கைகளையும் நீட்டினார்.

"நீ தாடி மழிக்கிறதோட நிறுத்திக்கப்பா. லூட்டை இங்க குடு. ஓர்சோலா, பசிக்குதும்மா."