சூடு ஏறாத இன்ஜின்

ஷெட்டின் இரட்டைக் கதவை விரியத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாறாங்கல்லை முட்டுக் கொடுத்த பிறகுதான் காவலாளி உள்ளே கால் வைத்தார். காலை எட்டு மணி. வெளியே பனி இன்னும் விலகவில்லை. உள்ளே பழைய ஆயிலும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. நடுவில், அவருடைய தம்பி ஆறு வருஷம் மாரடித்து ஓட வைத்த அந்தக் காலத்து டிராக்டர்.

தம்பி செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. இதே ஷெட்டில்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது காற்றில் கதவு மூடிக்கொண்டது, புகையில் மூச்சடைத்துப் போய்விட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் அப்படிச் சொன்னவர் காவலாளி.

"பழைய வண்டிங்க ஊர்வலம் நாளன்னைக்கு, அத்தான்," என்று முந்தின நாள் தம்பி மனைவி வந்து கேட்டாள். "அவர் ரொம்ப ஆசைப்பட்டது. ஒரு தடவை கிளப்பிப் பாருங்களேன். இதோட பக்குவம் உங்களுக்குத்தானே தெரியும்?"

மறுக்க வாய் வரவில்லை.

பக்குவம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது மண்ணெண்ணெய் வண்டி. பெட்ரோலில் கிளப்பி, ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைத் தொங்கவிட்டு, சூடு ஏறும்வரை பொறுக்க வேண்டும். வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அவசரப்பட்டால் வெள்ளைப் புகையைக் கக்கி நின்றுவிடும்.

ஹேண்டிலின் மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. முள் மெல்ல எழுந்து கால்வாசி வந்தது. அங்கேயே நின்றது.

பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. சாக்கை இன்னும் இறுக்கிக் கட்டினார். முள் அசையவில்லை. இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

சில்லென்று இருந்தது.

கிணற்றுக்குள் கிடந்து எடுத்த இரும்பு போல. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டபோதுதான் அது கேட்டது.

தப். தப். தப்.

யாரோ உள்ளங்கையால் பலகையைத் தட்டுகிறார்கள்.

வாசலில் யாரும் இல்லை. இடது கதவு கல்லோடு ஒட்டி அசையாமல் நின்றது. அதன் உட்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒவ்வொரு தட்டுக்கும் தூசி உதிர்ந்தது.

அந்தச் சத்தத்தை அவர் முன்பே கேட்டிருக்கிறார்.

அன்று நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தவருக்கு இன்ஜின் இரைச்சலில் கண்ணை மூட முடியவில்லை. எரிச்சலோடு எழுந்து வந்தார். தம்பி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். கதவை இழுத்துச் சாத்தினார். சாத்தினது திரும்பத் திறந்துகொண்டது. வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். வேண்டுமானால் தட்டட்டும், போய்த் திறந்துகொள்ளலாம் என்று இருந்தார்.

தம்பி தட்டினான்.

அவன் மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்கு முன், சாயங்காலம் முதலில் வந்து தாழ்ப்பாளை நீக்கியவரும் அவர்தான். நீக்கிவிட்டுத்தான் கூச்சல் போட்டார்.

"என்ன அத்தான் சத்தம்?"

தம்பி மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்ஜின் தட்டுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பழைய இன்ஜின் தட்டுவதில் என்ன அதிசயம்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தப். தப்.

"இன்ஜின் இல்லம்மா," என்றார். "அவன்தான் தட்டுறான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காத்து மூடல. நான்தான் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். அவன் தட்டினது காதுல விழுந்துச்சு. இன்ஜின் தட்டுதுன்னு நினைச்சேன். இல்ல, நினைச்சுக்கிட்டேன். எழுந்து வர உடம்பு வணங்கல."

குப்பென்று ஒரு வெப்பம் அவர் முகத்தில் அடித்தது. முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. அவரை அடிக்கவும் இல்லை.

"எவ்வளவு நேரம் தட்டினாரு?"

"தெரியல. தூங்கிட்டேன்."

அவள் உள்ளே வந்து இன்ஜினை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஷெட்டில் ஈ பறந்தால் கேட்கும் அமைதி.

தப். தப். தப்.

இருவரும் நின்று கேட்டார்கள். நேரம் போகப்போக மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. முடிந்தது என்று மூச்சு விடும்போதெல்லாம் இன்னொன்று விழுந்தது. கடைசியில், பலகையை நகம் சுரண்டிக்கொண்டே தரைவரை இறங்கியது.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாப்பது நிமிஷம்," என்றாள்.

அவள் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

மத்தியானமே காவலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் வரச் சொல்லி அனுப்பினார்கள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பித்தான் போயிருந்தார். திரும்பி நடந்தபோது கால்கள்தான் கனத்தன.

வீட்டுக்கு வந்து, அறைக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். சாயங்கால வெயில் வாசல்வரை வந்திருந்தது.

தப்.

திறந்த கதவின் பலகையில். முழங்கால் உயரத்தில்.

எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமும் யாரும் இல்லை. கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து பலகையில் கை வைத்தார். ஒவ்வொரு தட்டும் உள்ளங்கையில் ஏறியது.

"திறந்துதான்டா இருக்கு," என்றார். "தம்பி, திறந்துதான் இருக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வெயில் போயிற்று. முப்பது நிமிடம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று.

தட்டுவது நிற்கவில்லை.