உப்புத் தடவிய கன்று

சிவனணைந்தபெருமாளின் பால் பண்ணைக்கு மறுபடியும் போய் நின்றேன். உப்பளத்தை ஒட்டிய கீற்றுக் கொட்டகை. சண்டைக் காலம். துறைமுகத்துப் பட்டாளத்துக்கு எவ்வளவு பால் கொடுத்தாலும் போதாது. அதனால் கன்றுகளுக்கு ஒரு சொட்டும் விடமாட்டார். கன்று செத்தால் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, உப்புத் தடவித் தாயின் முன்னால் நிறுத்துவார். தாய் அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். நான் மாட்டு டாக்டர். மேலதிகாரிக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

சாயங்காலக் கறவை நேரம். மூத்திர நெடி தொண்டையை அறுத்தது. மூலையில், உயிரோடிருந்த ஒரே கன்று எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

"அத இன்னைக்காவது அவுத்து விடுங்க அண்ணாச்சி. பொழுது விடியத் தாங்காது."

"நாளைக்குப் பாப்போம் சார்வாள்."

போன தடவையும் இதே நாளைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டிருந்த பசுவின் மடியைப் பிடித்தார். பால் வரவில்லை.

ஆனால் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மூலையில் கிடந்த கன்றின் வாய் அசையவில்லை.

வைக்கோல் கன்றின் வாயோரம் நுரை.

ஆத்திரத்தில் அதை ஓர் உதை விட்டார். வயிற்றுத் தையல் பிரிந்தது. உள்ளேயிருந்து ஆவி பறக்கப் பால் கொட்டியது.

"தொடாதீங்க அண்ணாச்சி..."

மனுஷன் பயந்து ஓடுவார் என்று நினைத்தேன். செம்பை எடுத்து அடியில் பிடித்தார்.

"நல்லா கெட்டியாத்தான் இருக்கு சார்வாள்."

விடிந்ததும் என் மேலதிகாரி கிருபாநிதியின் வீட்டுக்கு ஓடினேன். கன்றை அவிழ்க்க அவர் உத்தரவு வேண்டும். எனக்கு முன்னாலேயே பண்ணைப் பால் அங்கே போயிருந்தது.

"குடிக்காதீங்க சார்!"

டம்ளரைக் காலி செய்துவிட்டு மீசையைத் துடைத்தார். "ஒரு கன்னுக்குட்டிக்காகவா வே காலங்காத்தால வந்து நிக்கீரு?"

மேற்கொண்டு பேச வாயைத் திறந்தார்.

"ம்மா..."

கண் பிதுங்க, தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். மறுபடியும் கன்றின் குரல்தான்.

வாசலிலிருந்து பதில் வந்தது.

நேற்றைய பசுதான். கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, மடி சொட்டச் சொட்ட அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

கிருபாநிதி அதன் மடியைப் பார்த்தபடி மெல்ல முழங்காலில் இறங்கினார்.

இனி உத்தரவுக்கு யாரைக் கேட்பது? நானே அவிழ்த்துவிடுவதென்று கொட்டகைக்கு ஓடினேன்.

கன்று செத்திருந்தது. சிவனணைந்தபெருமாள் அதன் பக்கத்தில் கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

"தையலக் கொஞ்சம் அழுத்திப் போட்டா, இதுவும் கறக்கும் சார்வாள்."